கருணை வேண்டாம், கணக்கைப் பாருங்கோ

போன சனிக்கிழமை பின்னேரம் நடந்தது. கடையில் நல்ல சனம். நான் உள்ளுக்கு நின்று கொத்து போட்டுக்கொண்டிருந்தேன். கவுண்டருக்குப் பக்கத்து மேசையில் ரீ குடித்துக்கொண்டிருந்த ஒரு ஐயா, கூட வந்தவருக்குச் சொன்னது எனக்கும் தெளிவாகக் கேட்டது.

"இப்ப வாறவங்கள் பிள்ளையளைக் காட்டிப் பேப்பர் எடுக்கப் பாக்கிறாங்கள். நாங்கள் எண்டால் முறையாக் கேஸ் குடுத்து எடுத்தனாங்கள்."

எனக்குப் பின்னால் கோப்பை கழுவிக்கொண்டு நின்ற தம்பிக்கும் அது கேட்டிருக்கும். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணியைக் கொஞ்சம் கூடத் திறந்துவிட்டான். அவ்வளவுதான்.

கடையில் வேலை செய்கிறவன் சாப்பிட வந்தவரோடு வாதாட முடியாது. அன்றைக்குச் சொல்லாமல் விழுங்கினதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பியின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆள் ஆரென்று தெரியாமல் இருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். மனுசியோடும் மகளோடும் வந்தவன். மகளுக்கு அப்போது 4 வயது. அகதிக் கோரிக்கை நிராகரிப்பு. மேன்முறையீடும் நிராகரிப்பு. இதற்கிடையில் இங்கே ஸ்காபரோவில் ஒரு மகன் பிறந்தான். அவன் பிறப்பால் கனேடியப் பிரசை. மகள் இப்போது எட்டாம் வகுப்புப் படிக்கிறாள், அவளிடம் ஒரு காட்டும் இல்லை. வோபர்னில் ஒரு அப்பாட்மென்ற், ஒரு அறை, ஒரு இரட்டைத் தட்டுக் கட்டில். மேல் தட்டில் படுக்கிற பிள்ளையை நாடு கடத்தலாம். கீழ்த் தட்டில் படுக்கிற பிள்ளையைக் கடத்த முடியாது.

"இஞ்சை பிறந்த பெடியனைக் கொண்டு தாய் தகப்பனை எடுக்கலாம்தானே" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கடையிலும் கேட்டிருக்கிறார்கள். எடுக்கலாம், அவனுக்கு 18 வயது வந்த பிறகு, சட்டம் கேட்கிற வருமானத்தைக் காட்டினால், அந்த வருடம் விண்ணப்பிக்க இடமும் கிடைத்தால். அவன் இப்போது முதலாம் வகுப்பு.

ஆகவே தம்பிக்கு மிச்சம் இருக்கிறது ஒரு வழிதான். குடிவரவுச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. எங்கடை சனம் "எச் அன்ட் சி" என்று சொல்லும் மனிதாபிமான, கருணை அடிப்படையிலான விண்ணப்பம். அந்தப் பிரிவிலேயே, பாதிக்கப்படும் பிள்ளையின் நலனைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர் 12 மாதம் இந்த விண்ணப்பம் போடக்கூடாது என்று ஒரு தடை உண்டு. அதிலும் பிள்ளையின் நலன் கெடும் என்றால் விலக்கு உண்டு. கேட்க நல்லாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளை எத்தனை வருடம் இங்கே இருந்தால் போதும் என்று அந்தச் சட்டத்தில் ஒரு இடத்திலும் இல்லை. 3 வருடமா, 7 வருடமா, 10 வருடமா? ஒன்றுமில்லை. எல்லாம் ஒரு அதிகாரியின் மனதில் இருக்கிறது. விண்ணப்பம் போட்டதற்காக நாடு கடத்தலும் நிற்காது. முதற்கட்ட அனுமதி வந்த பிறகுதான் நிற்கும். அதுவரைக்கும் ஒரு பக்கம் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டும், மறுபக்கம் மிசிசாகாவுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகத்தை அரைவாசியில் விட்டுவிட்டு வந்தவன் நான். அந்த அரைவாசிப் படிப்புக்கு இங்கே கிடைத்த மரியாதை, கடையில் ஆருக்கும் கடிதம் எழுதுவதென்றால் என்னைக் கூப்பிடுவார்கள். தம்பியின் கட்டையும் நான்தான் அடுக்கினேன். கின்டர்கார்டனில் இருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் ரிப்போர்ட் காட். ரீச்சரின் கடிதம். கோயில் கடிதம். டொக்டரின் கடிதம். லைப்ரரியில் வாங்கின பரிசு. நீச்சல் பழகின சான்றிதழ். சிநேகிதிகளோடு எடுத்த படங்கள். வரி கட்டின கடதாசிகள். ஒரு பிள்ளையின் பத்து வருடத்தை ஒரு அப்பிள் பெட்டிக்குள் போட்டுக் கட்டினோம்.

பிள்ளையும் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றார்கள். அவள் எழுதினாள். தனக்கு இந்தப் பள்ளிக்கூடம் விருப்பம், பாஸ்கற்போல் ரீமில் இருக்கிறேன், அடுத்த வருசம் சிநேகிதிகளோடு ஹைஸ்கூலுக்குப் போக ஆசை, தம்பிக்கு நான்தான் வாசிக்கப் பழக்குகிறேன் என்றெல்லாம். நல்ல சந்தோசமான கடிதம். விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிற இடத்தில் வாசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "இது காணாது. இன்னும் கொஞ்சம் கவலையா எழுதச் சொல்லுங்கோ. பயமா இருக்கு, நித்திரை வரேல்லை எண்டு வரவேணும்."

பிறகு இன்னொன்றைத் தூக்கி வெளியே வைத்தார்கள். சனிக்கிழமை தமிழ் வகுப்பில் அவள் எடுத்த சான்றிதழ். "இதைப் போடாதேங்கோ. பிள்ளைக்கு எழுத வாசிக்கத் தெரியும் எண்டால், அங்கை போய்ப் படிக்கலாம்தானே எண்டு எழுதிப்போடுவாங்கள்."

அவர்கள் பிழையாகச் சொல்லவில்லை. அனுபவத்தில் சொன்னார்கள். நிராகரிப்புக் கடிதங்கள் சிலவற்றை நானே வாசித்துக் கருத்துச் சொல்லியிருக்கிறேன். பிள்ளை நன்றாகப் படித்தால், "கெட்டிக்காரப் பிள்ளை, சின்ன வயது, அங்கேயும் பழகிக்கொள்ளும்." பிள்ளை சரியாகப் படிக்காவிட்டால், "இங்கே வேரூன்றியதாகத் தெரியவில்லை." வீட்டில் தமிழ் கதைத்தால், "மொழி தெரியும், சிரமம் இல்லை." தகப்பன் வேலை செய்து வரி கட்டியிருந்தால், "அனுமதி இல்லாமல் இருந்த காலத்தில் சேர்த்தது, அதற்கு அதிகம் பெறுமதி கொடுக்க முடியாது." எந்தப் பக்கத்தால் போனாலும் முட்டுகிற சந்து இது.

எங்கடை பிள்ளைக்குத் தமிழ் படிப்பித்தது அவள் இங்கே இருக்கிறதற்கு இடைஞ்சலாகிப் போச்சு. மேடையில் ஏறித் தமிழை வளர்க்க வேண்டும் என்று கதைக்கிற பெரிய மனிதர்கள் இதையும் ஒருக்கால் யோசியுங்கோ.

கருணை என்ற சொல்லைப் பாருங்கள். தமிழில் "கருணை மனு" என்றால் ஆர் போடுவது? தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டவர் போடுவது. குற்றம் நிரூபிக்கப்பட்டு, எல்லாக் கோடும் முடிந்து, கடைசியாக ஜனாதிபதியின் காலில் விழுவது. 4 வயதில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறின பிள்ளை என்ன குற்றம் செய்தது? அது ஏன் கருணை கேட்க வேண்டும்?

கனடாவின் உச்ச நீதிமன்றம் இதை இரண்டு தரம் பெரிதாகப் பார்த்திருக்கிறது. முதலாவது 1999 ஜூலையில். மேவிஸ் பேக்கர் என்ற யமேக்கப் பெண். 1981இல் வந்து, வீடுகளில் தங்கி வேலை செய்து, இங்கே நான்கு பிள்ளைகளைப் பெற்றவர். அவரை நாடு கடத்தச் சொன்ன அதிகாரி பிள்ளைகளின் நலனைச் சரியாகப் பார்க்கவில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பைத் தள்ளியது. இரண்டாவது 2015 டிசம்பரில். எங்கடை பெடியன்தான், ஜெயகண்ணன் கந்தசாமி. பதின்ம வயதில் ஊரில் இருந்து ரொறன்ரோவில் உள்ள உறவினரிடம் அனுப்பப்பட்டவர். பிள்ளைகளிடம் போய் "நீ தகாத கஷ்டம் படுவாயா" என்று அளந்து பார்க்கிற கேள்வியே பொருந்தாது, எந்தக் கஷ்டத்துக்கும் தகுதியான பிள்ளை என்று ஒருவரும் இல்லை என்ற கருத்தை நீதிமன்றம் அதில் ஏற்றுக்கொண்டது.

நல்ல தீர்ப்புகள். இரண்டும் வந்திருக்காவிட்டால் இன்னும் மோசமாக இருந்திருக்கும். ஆனால் இரண்டும் அதிகாரிக்கு "கவனமாக யோசி" என்றுதான் சொல்கின்றன. "இத்தனை வருடம் ஆனால் கொடு" என்று சொல்லவில்லை. அதை நீதிமன்றம் சொல்லவும் முடியாது. பாராளுமன்றம்தான் சொல்ல வேண்டும்.

கணக்கு வைக்க முடியாது என்று சொல்ல வேண்டாம். இந்த அரசாங்கம் அந்தப் பிள்ளையின் ஒவ்வொரு நாளையும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறது. ஒன்ராறியோ கல்விச் சட்டத்தின்படி, தாய் தகப்பனுக்கோ பிள்ளைக்கோ குடிவரவு அனுமதி இல்லை என்பதற்காக 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பள்ளிக்கூடம் திருப்பி அனுப்ப முடியாது. ரொறன்ரோ கல்விச் சபை 2007இல் இதற்கென்றே கொள்கை கொண்டுவந்தது. மிக நல்ல விசயம். அந்தப் பிள்ளை ஒரு நாள் வராவிட்டால் காலையிலேயே வீட்டுக்குத் தொலைபேசி அழைப்பு வரும். பத்து நிமிடம் பிந்தினால் துண்டு எழுதிக் கொடுப்பார்கள். பத்து வருடம் ஒரு பிள்ளையின் வரவைக் குறித்து வைத்திருக்கிற நாட்டுக்கு, அதைக் கூட்டிப் பார்க்கத் தெரியாதா?

பள்ளிக்கூடக் கதவு திறந்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடியத்தான் அடுத்த கதவு பூட்டியிருப்பது தெரியும். ஓசாப் கடன் பிரசைக்கும் நிரந்தர வதிவிடம் உள்ளவருக்கும் அகதியாக ஏற்கப்பட்டவருக்கும்தான். மற்றப் பிள்ளைக்கு வெளிநாட்டு மாணவர் கட்டணம். 2017இல் யோர்க் பல்கலைக்கழகம் இப்படியான பிள்ளைகளுக்கென்று ஒரு வழி திறந்தது. அது அந்தப் பல்கலைக்கழகத்தின் நல்ல மனம். நாட்டின் சட்டம் இல்லை.

மற்ற நாடுகளைப் பாருங்கள். லண்டனில் இருக்கிற எங்கடை ஆக்களுக்கு "ஏழு வருசச் சட்டம்" என்றால் தெரியும். பிரித்தானியாவில் 1996இல் 10 வருடமாக இருந்த கொள்கை 1999இல் 7 வருடமானது. பிள்ளை 7 வருடம் இருந்தால் குடும்பத்தை அனுப்புவதில்லை என்பது பொது வழக்கம். 2008 டிசம்பரில் அதை ஒரே நாளில் எடுத்துவிட்டார்கள். பிறகு 2012இல் விதியாகத் திரும்பி வந்தது. வந்தபோது, பிள்ளை நாட்டைவிட்டுப் போவது "நியாயமா" என்று பார்க்கிற வாலையும் அந்த வருடமே ஒட்டினார்கள். 2018 ஒக்ரோபரில் அவர்களின் உச்ச நீதிமன்றம், பெற்றோர் செய்த பிழையைப் பிள்ளையின் தலையில் கட்டக்கூடாது என்றது. ஆனால் பெற்றோருக்கு அங்கே இருக்க உரிமை இல்லை என்பதைச் சூழ்நிலையாகப் பார்க்கலாம் என்றும் சொன்னது. பெற்றோருக்குக் கிடைப்பதும் இரண்டரை இரண்டரை வருடமாகக் காசு கட்டிப் புதுப்பிக்கிற விசாதான். சொர்க்கம் இல்லை. என்றாலும் ஒரு எண் இருக்கிறது. தாய் தகப்பன் விரலை மடித்து எண்ணலாம்.

பிரான்சில் 2012 நவம்பரில் ஒரு சுற்றறிக்கை வந்தது. குடும்பம் 5 வருடம் இருந்து, பிள்ளை 3 வருடமாவது பள்ளிக்கூடம் போயிருந்தால் விண்ணப்பிக்கலாம். லா சப்பலில் கடை வைத்திருக்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள், எத்தனை எங்கடை குடும்பங்கள் அந்தச் சுற்றறிக்கையை நம்பியிருந்தன என்று. 2025 ஜனவரியில் புது உள்துறை மந்திரி அதை நீக்கி இறுக்கமான வேறொன்றைப் போட்டார். நெதர்லாந்தில் 2013இல் 5 வருடம் இருந்த பிள்ளைகளுக்கென்று வந்த ஏற்பாடு 2019இல் மூடப்பட்டது.

இதில் இருந்து எனக்கு விளங்குவது ஒன்றுதான். எண் வேண்டும். அந்த எண் மந்திரியின் கடிதத்தில் அல்ல, சட்டத்தில் இருக்க வேண்டும். கடிதத்தில் கொடுத்ததைக் கடிதத்தில் பறித்துவிடுவார்கள்.

எண் ஒன்றும் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அவுஸ்திரேலியா. நடேசலிங்கம், பிரியா, இரண்டு பெண் குழந்தைகள். குழந்தைகள் இரண்டும் அங்கேயே பிறந்தவர்கள். 2018 மார்ச்சில் விடியப்புறம் பிலோயலாவில் வீடு புகுந்து பிடித்தார்கள். 2019 ஓகஸ்டில் விமானத்தில் ஏற்றி அனுப்பின பிறகு நீதிமன்றம் தடுத்ததால் டார்வினில் இறக்கினார்கள். பிறகு கிறிஸ்மஸ் தீவில் பூட்டி வைத்தார்கள். 2021 ஜூனில் சின்னப் பிள்ளை கடுமையான வருத்தத்தோடு பேர்த் ஆசுபத்திரிக்குக் கொண்டுவரப்பட்ட பிறகுதான் தீவை விட்டார்கள். ஆட்சி மாறி, 2022 ஜூனில் ஊர் திரும்பி, ஓகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது. ஒரு சின்ன ஊர் முழுக்க நான்கு வருடம் விடாமல் நின்றபடியால் கிடைத்தது. அந்த ஊர்ச் சனத்துக்குக் கை எடுத்துக் கும்பிடலாம். ஆனால் எல்லாக் குடும்பத்துக்கும் ஒரு பிலோயலா கிடைக்குமா? வோபர்னில் மேல் மாடியில் ஆர் இருக்கிறார்கள் என்று கீழ் மாடிக்காரருக்குத் தெரியாது.

இங்கே கனடாவில் நிலைமை இறுகிக்கொண்டு போகிறது. 2024 ஒக்ரோபரில் வெளியிட்ட குடிவரவுத் திட்டத்தில் இந்த மனிதாபிமான வகைக்கும் அதோடு சேர்த்த மற்றவைக்கும் 2025க்கு 10,000 இடம், 2026க்கு 6,900, 2027க்கு 4,300 என்று போட்டார்கள். முழு நாட்டுக்கும். உக்ரேன், சூடான், ஹொங்கொங் போன்ற விசேட ஏற்பாடுகளில் வந்தவர்களும் அதே கூடைக்குள். இடத்தைக் குறைத்தால் கோப்புகள் குவியும். கோப்பு குவிந்தால் பிள்ளை வளரும். பிள்ளை 18ஐத் தாண்டினால் "பிள்ளையின் நலன்" என்ற கதைக்கு முந்தின பலம் இல்லை. காத்திருக்க வைப்பதே ஒரு நிராகரிப்பு.

சரி, ரீ குடித்த ஐயாவிடம் வருவம்.

"முறையா எடுத்தனாங்கள்" என்றார். அவருடைய தலைமுறை எப்படி வந்தது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 1986 ஓகஸ்டில் நியூபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகில் மிதந்த 155 தமிழரை கஸ் டால்ரன் என்ற மீன்பிடிக் கப்டன் காப்பாற்றினார். இந்தியாவில் இருந்து வந்தோம் என்று முதலில் சொன்னார்கள். மேற்கு ஜேர்மனியில் இருந்து கப்பல் ஏறியது பிறகு தெரிய வந்தது. ஊர் முழுக்கக் கோபம். அப்படியிருந்தும் அந்த நேரத்து அரசாங்கம் ஒரு வருட அனுமதி கொடுத்து, வேலை செய்ய விட்டது. அவர்களும் அவர்களுக்குப் பின் வந்த நாங்களும்தான் இன்றைக்கு மார்க்கம் வீதியில் வீடு, கடை, கோயில் என்று நிற்கிறோம். நானும் ஒரு பொய்ப் பாஸ்போட்டில் வந்து உண்மையான கதை சொன்னவன்தான். என்னை நம்பினார்கள். தம்பியை நம்பவில்லை. அவனுக்கும் எனக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

"வரிசையில் வரட்டும்" என்பது அடுத்தது. எந்த வரிசை? கோப்பை கழுவுகிறவனுக்குக் கொழும்பில் ஒரு வரிசை இருந்தால் காட்டுங்கோ, நானே போய் இடம் பிடித்துக் கொடுக்கிறேன்.

மூன்றாவது கேள்வி கொஞ்சம் நியாயமானது. "வருசக் கணக்கு வைத்தால், அதுவரைக்கும் ஒளித்திருக்கப் பார்ப்பார்களே?" ஒளித்திருக்கிறவன் மாதாமாதம் போய்க் கையெழுத்து வைப்பானா? வரி கட்டுவானா? பிள்ளையின் விலாசத்தைப் பள்ளிக்கூடத்தில் கொடுப்பானா? இந்த வருடங்களைச் செய்தது பெற்றோரின் தந்திரம் மட்டுமில்லை. விசாரணைக்கு ஒரு காத்திருப்பு, மேன்முறையீட்டுக்கு ஒன்று, விண்ணப்பத்துக்கு ஒன்று என்று அரசாங்கத்தின் மேசைகளில் கிடந்த வருடங்களும் அதில் இருக்கின்றன. ஐந்து வருடக் கணக்கு ஆபத்து என்று பயந்தால், ஒரு வருடத்தில் முடிவு சொல்லுங்கோ. ஒருவரும் ஐந்தைத் தொடமாட்டார்கள்.

இந்த நாடு இதைச் செய்யாத நாடும் இல்லை. 1973இல் அறுபது நாள் அவகாசம் கொடுத்து, அதற்கு முந்தின வருட நவம்பர் முடிவுக்குள் வந்திருந்தவர்கள் பதியலாம் என்றார்கள். ஏறக்குறைய 39,000 பேர் நிரந்தரமானார்கள். கனடா தாழ்ந்து போகவில்லை. 2021 டிசம்பரில் அப்போதைய பிரதமர் குடிவரவு மந்திரிக்குக் கொடுத்த கடிதத்தில், பத்திரம் இல்லாதவர்களை ஒழுங்குபடுத்தும் வழியைப் பார்க்கும்படி எழுதியிருந்தார். 2024இல் பெரிய திட்டம் இல்லை என்று கைவிட்டார்கள். 2025 மார்ச்சில் கட்டட வேலைக்காரருக்கென்று 6,000 இடம் வரைக்கும் அறிவித்தார்கள். வீடு கட்டுகிற கை தேவை, சரி. பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் இருந்த பிள்ளையை?

நான் கேட்கிறது இதுதான். 18 வயதுக்கு முன் 5 வருடம் இந்த நாட்டில் படித்த பிள்ளைக்கும், அதை வளர்க்கிற தாய் தகப்பனுக்கும், கூடப் பிறந்ததுக்கும் நிரந்தர வதிவிடம் என்று சட்டத்தில் எழுதுங்கள். பாரதூரமான குற்றம் செய்தவரை விலக்குங்கள். ஆதாரத்துக்குப் பள்ளிக்கூட இடாப்பு போதும். விண்ணப்பம் போட்டவுடன் நாடு கடத்தலை நிறுத்துங்கள். பிள்ளை எவ்வளவு அழுகிறது என்று அளக்க வேண்டாம்.

ஆதாரம் இலகுவாக இருக்க வேண்டும் என்று சும்மா சொல்லவில்லை. வருசக் கணக்கை வைத்தே வாசலை மூடலாம் என்று எங்கள் நாடு காட்டியது. 1948இல் மலையக மக்களின் பிரசாவுரிமையைப் பறித்தார்கள். 1949இல் கொண்டுவந்த சட்டத்தில் கலியாணம் கட்டியவருக்கு 7 வருடம், கட்டாதவருக்கு 10 வருடம் இடைவிடாமல் இருந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். தோட்டத்துச் சனத்திடம் என்ன ஆதாரம்? எட்டு லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்ததில் ஒன்றரை லட்சத்துக்கும் குறைவானவர்களுக்குத்தான் கிடைத்தது. அதைச் செய்த சட்டத்துக்கு அந்த நேரம் கை தூக்கிய தமிழ்த் தலைவர்களும் இருந்தார்கள். "அவங்கள் வேறை ஆக்கள்" என்று நினைத்திருப்பார்கள். ரீ குடித்த ஐயாவின் குரலில் எனக்கு அதுதான் கேட்டது.

பிள்ளையின் கடிதத்துக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அவளிடம் போய் மாற்றி எழுதச் சொல்ல வேண்டியது நான்தான். சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, நான் இஞ்சை சந்தோசமா இருக்கிறன் எண்டு சொன்னா ஏன் அனுப்புவினம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. முதல் எழுதின கடிதத்தையே வைத்துக் கட்டினோம். தமிழ்ச் சான்றிதழையும் நான் திரும்ப உள்ளுக்கு வைத்தேன். தம்பியைக் கேட்டுத்தான் வைத்தேன். "வையுங்கோ அண்ணை, அவள் கஷ்டப்பட்டுப் படிச்சது" என்றான்.

கட்டை அனுப்பி மாதங்கள் ஆகிவிட்டன. பதில் இன்னும் இல்லை. வருகிற தேர்தலில் கோயில் வாசலிலும் கடை வாசலிலும் வந்து வணக்கம் சொல்லுகிற வேட்பாளர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கோ: "பிள்ளைக்கு எத்தனை வருசம்?" எண் சொல்லாமல் சிரித்துக்கொண்டு கை குலுக்கினால், கையை எடுத்துவிடுங்கோ.